வாடிப்போகும் ராத்திரி

பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம். திருவண்ணாமலையில் ஒரு சின்ன லாட்ஜ். மேனேஜர் மேசைக்குப் பின்னால் பச்சை பெயின்ட் அடித்த மரப்பலகை, அதில் இருபது ஆணி. ஆறு ஆணிகளில் மட்டும் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"ரூம் 2,000 ரூபா சார்."

"போன மாசம் இதே ரூமுக்கு 800 தானே அண்ணே வாங்கினீங்க?"

அவர் லெட்ஜரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நேத்து ரூமை இன்னைக்கு விக்க முடியுமா சார்?"

அந்த நேரத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். அதில் பாதி தூரம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அடி அண்ணாமலையைத் தாண்டியபோதுதான் அவர் கேட்ட கேள்வி மண்டையில் ஏறியது. ஓட்டல், விமானத் தொழில்களைப் பற்றி ஐம்பது வருடமாக நடக்கிற ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பூக்கடைக்காரம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு முழம் முப்பது ரூபாய் என்று கறாராகச் சொல்கிறவர், ஒன்பதரை மணிக்கு மொட்டெல்லாம் விரிந்த பிறகு "இருபதுக்கு எடுத்துக்கம்மா" என்கிறார். நாளைக்கு அந்த மல்லிக்கு மதிப்பில்லை. லாட்ஜ்காரர் விற்பதும் அப்படிப்பட்ட சரக்குதான். நாம் கட்டில், ஃபேன், பாத்ரூம் என்று பொருள்களைப் பார்க்கிறோம். அவையெல்லாம் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும். அவர் விற்பது ஒரு ராத்திரியை. பொழுது விடிந்தால் அது வாடிவிடும். அரிசிக்கடைக்காரர் விலை இறங்கினால் மூட்டையை அடுக்கிவைத்துக் காத்திருப்பார். ராத்திரியை மூட்டை கட்ட முடியாது.

அதோடு இன்னொரு சங்கடம். அறை காலியாக இருந்தாலும் கட்டட வாடகை, சம்பளம், வங்கித் தவணை எதுவும் குறைவதில்லை. ஆள் தங்கினால் கூடுதலாக ஆவது ஒரு சோப்பு, ஒரு சலவை, கொஞ்சம் கரண்ட். ஆகவே காலி அறையை 800-க்கு விட்டாலும் லாபம். 2,000 தரக்கூடியவருக்குப் போயிருக்க வேண்டிய அறையை 800-க்கு விட்டால் நஷ்டம். ஒரு மாதம் முன்பே போன் செய்து 800-க்குக் கேட்கிறவரிடம் என்ன சொல்வது? நிர்வாகத்தின் முழுச் சூட்சுமமும் அந்தப் பதிலில் இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு முதன்முதலில் தெளிவான கணக்குப் போட்டவர் ஓட்டல்காரர் இல்லை. பிஓஏசி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட். 1970-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் மூன்று வாரம் முன்னதாக டிக்கெட் எடுப்பவர்களுக்குச் சலுகை விலை கொடுத்துப் பார்த்தது. சலுகையில் எத்தனை இருக்கை விடலாம், கடைசி நேரத்தில் முழு விலை கொடுத்து வருபவர்களுக்கு எத்தனையை ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற சிக்கல் எழுந்தது. 1972-ல் லிட்டில்வுட் சொன்ன விதி, கணக்கு வாத்தியார் கரும்பலகையில் இரண்டு வரியில் எழுதிவிடக்கூடியது.

நம் லாட்ஜிலேயே போட்டுப் பார்க்கலாம். இருபது அறை. முன்கூட்டிக் கேட்பவர் தருவது 800, கடைசி நாளில் வருபவர் தருவது 2,000. பழைய லெட்ஜர்களைப் புரட்டினால் பௌர்ணமிக்குக் கடைசி நேரத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஓரளவு தெரியும். குறைந்தது ஒருவராவது வர 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். அவருக்காக ஒதுக்கும் முதல் அறையின் மதிப்பு 2,000-ல் 90 சதவீதம், அதாவது 1,800. இது 800-ஐவிட அதிகம், ஒதுக்கிவை. குறைந்தது பத்துப் பேர் வரும் வாய்ப்பு 45 சதவீதம் என்றால் பத்தாவது அறையின் மதிப்பு 900. அதையும் ஒதுக்கலாம். பதினோரு பேர் வரும் வாய்ப்பு 38 சதவீதம், மதிப்பு 760. இங்கே கை மாறுகிறது. கையில் இருக்கிற 800 ரூபாய், வரலாம் வராமலும் போகலாம் என்கிற 760-ஐவிட மேல். ஆக, பத்து அறையை முன்பதிவுக்கு விடு, பத்தைப் பூட்டிவை. அவ்வளவுதான் விதி. இன்றைக்கு உங்கள் போனில் ஓட்டல் வாடகை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் காட்டுகிற பென்னம்பெரிய மென்பொருள்களின் அடியில் கிடப்பது இந்தப் பழைய இரண்டு வரிக் கணக்கின் பேரப்பிள்ளைகள்.

கணக்கு பிறந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் அது ஒரு நிறுவனத்தைச் சாய்க்கவும் உதவியது. அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணங்களின் மேலிருந்த அரசுக் கட்டுப்பாடு விலகியது. 1981-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புதிய நிறுவனம் அடிமாட்டு விலைக்கு டிக்கெட் விற்க ஆரம்பித்தது, கூட்டம் அள்ளியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் செலவு அதிகம். எல்லா இருக்கையையும் அந்த விலைக்கு விற்றால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் விமானங்கள் பல, பாதி காலியாகப் பறந்துகொண்டிருந்தன. அந்தக் காலி இருக்கைகளை மட்டும் எதிராளியின் விலைக்கு விற்றால்? எது காலியாக இருக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்குத்தான் கணக்கும் கணினியும். 1985 ஜனவரியில் சலுகை விலையை அறிவித்தார்கள். பல நாள் முன்னதாக வாங்க வேண்டும், ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பாது என்று நிபந்தனைகள். அவசரமாகக் கிளம்பும் வியாபாரி இந்த வேலியைத் தாண்ட மாட்டார். அவர் முழு விலையே கொடுப்பார். 1986-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் கைமாறியது, மறு ஆண்டு பெயரும் மறைந்தது. கடன், அவசர விரிவாக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் இந்த அடி பலமானது. இந்த முறையால் மூன்று ஆண்டுகளில் 140 கோடி டாலர் வரவு கூடியதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள்.

மாரியட் போன்ற ஓட்டல் குழுமங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1922 முதல் ஓட்டல் படிப்பு உண்டு. அங்கே ஷெரில் கைம்ஸ் 1989-ல் எழுதிய கட்டுரை இந்தத் தொழிலின் பாலபாடமாகவே ஆனது. ஆனால் விமானத்தின் கணக்கு ஓட்டலுக்கு அப்படியே பொருந்தாது. விமானத்தில் ஒருவருக்கு ஒரு இருக்கை, ஒரு பயணம். ஓட்டலில் ஒருவர் வெள்ளி முதல் திங்கள் வரை தங்குவார், இன்னொருவர் சனி ஒரு ராத்திரி மட்டும் கேட்பார். சனிக்கிழமைக்காரருக்குக் கொடுத்துவிட்டால், மூன்று ராத்திரி தங்க வந்தவருக்கு நடுவில் ஓட்டை விழுகிறது. அவர் மொத்தமாக வேறு இடம் போய்விடுவார். ராத்திரிகள் சரமாகக் கோத்த பூ. நடுவில் ஒன்றை உருவினால் இருபுறமும் அவிழும். விழாக் காலத்தில் "குறைந்தது இரண்டு நாள் தங்கினால்தான் ரூம்" என்று சொல்வது திமிர் போலத் தெரியும். பின்னால் இருப்பது இந்தச் சரக் கணக்கு.

போகிற போக்கில் ஒன்று. 'ஹவுஸ்ஃபுல்' போர்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. இருபது அறையையும் 800-க்கு விட்டால் வசூல் 16,000. பத்து அறையை மட்டும் 2,000-க்கு விட்டால் 20,000. பாதி சாவி பலகையில் தொங்கினாலும் இரண்டாமவருக்குத்தான் வரவு அதிகம். அதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் நிரம்பிய அறைகளை மட்டும் எண்ணுவதில்லை. மொத்த வசூலை எல்லா அறைகளாலும் வகுத்து, ஓர் அறைக்கு எவ்வளவு தேறியது என்று பார்க்கிறார்கள்.

வருகிறேன் என்று சொன்னவர் வராமல் போவதுதான் மிச்சமிருக்கும் தலைவலி. இருக்கைகள் எத்தனையோ அத்தனை டிக்கெட் மட்டும் விற்றால், 'நிரம்பிவிட்டது' என்று அறிவித்த விமானங்களிலும் சுமார் 15 சதவீத இருக்கைகள் காலியாகவே பறக்கும் என்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணித்தது. கல்யாண வீட்டில் ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு எழுநூறு இலைக்குச் சமைக்கிறோமே, அதே மனக்கணக்கைத் தலைகீழாக அவர்கள் போட்டார்கள்: எழுநூறு இலைதான் இருக்கிறது, எத்தனை பத்திரிகை வைக்கலாம்?

இதற்கும் விதி உண்டு. காலி அறையால் 2,000 நஷ்டம். முன்பதிவு செய்தவர் வந்து நிற்கும்போது அறை இல்லையென்றால் அவரை ஆட்டோவில் ஏற்றி வேறு லாட்ஜில் பணம் கட்டித் தங்கவைக்க, கெட்ட பெயரையும் சேர்த்து, 6,000 என்று வையுங்கள். குறைந்தது ஒருவராவது வராமல் போவார் என்பது 75 சதவீதத்துக்கு மேல் உறுதியானால்தான் இருபத்தோராவது முன்பதிவை வாங்கலாம். நான்கில் மூன்று முறை 2,000 மிச்சமாகும், நான்காம் முறை மொத்தமாக 6,000 போகும், சரிக்குச் சரி.

காகிதத்தில் சரிதான். அந்த நான்காம் முறை வாசலில் பெட்டியோடு நிற்பவர் யார்? 1972-ல் வாஷிங்டன் விமான நிலையத்தில் அப்படி நின்றவர் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர்! கையில் உறுதிசெய்த டிக்கெட், விமானத்தில் இடமில்லை. அலெகேனி ஏர்லைன்ஸ் மேல் அவர் போட்ட வழக்கு 1976-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆளைப் பார்த்து இறக்கிவிட வேண்டாமா என்று அன்றைக்கு யாரோ தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

யாரை இறக்குவது என்பதற்கு ஜூலியன் சைமன் என்ற பொருளாதார அறிஞர் 1968-லேயே ஒரு யோசனை எழுதியிருந்தார். எல்லாப் பயணிகளிடமும் ஒரு தாளும் உறையும் கொடுங்கள். எவ்வளவு பணம் கொடுத்தால் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பீர்கள் என்று அவரவர் எழுதட்டும். குறைவாகக் கேட்டவருக்கு அந்தப் பணத்தைக் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். எனக்கு இந்த யோசனை மேல் கொள்ளை ஆசை. சாவு வீட்டுக்குப் போகிறவர் பெரிய தொகை எழுதுவார் அல்லது எழுதவே மாட்டார். விடுமுறைக்கு மாமியார் வீடு போகிற மாப்பிள்ளை சந்தோஷமாகக் கொஞ்சமாக எழுதுவார். யாருக்கு அவசரம் என்று யாரும் விசாரிக்க வேண்டாம், விலையே சொல்லிவிடும். விமான நிறுவனங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. பத்து ஆண்டு கழித்து, அமெரிக்க விமானப் போக்குவரத்து வாரியத்தின் தலைவராகப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரெட் கான் இருந்தபோது, முதலில் தாமாக முன்வருபவர்களைக் கேட்க வேண்டும் என்பது விதியானது.

அந்த ஏலத்தைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2017 ஏப்ரலில் சிகாகோவில் உலகமே பார்த்தது. யுனைடெட் விமானம் ஒன்றில் நிறுவன ஊழியர்கள் நால்வருக்கு இடம் வேண்டியிருந்தது. 800 டாலர் வரை சொல்லிப் பார்த்தார்கள், யாரும் எழவில்லை. ஏலத்தைத் தொடராமல் பாதுகாவலர்களை அழைத்து, ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பயணி ஒருவரைத் தரதரவென்று இழுத்து இறக்க வைத்தார்கள். காணொளி பரவிய பிறகு யுனைடெட் நிறுவனம், தாமாக இடத்தை விட்டுக்கொடுப்பவருக்குத் தரும் தொகையின் உச்சவரம்பை 10,000 டாலராக உயர்த்தியது.

சரி, விலைக்கே வருவோம். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் எனக்குக் கோபம் வந்ததே, அது ஏன்? உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் இரண்டு சகாக்களும் கனடாவில் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டு, 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை, கடைக்காரர் 15 டாலர் பனிவாரும் மண்வெட்டியை 20 டாலராக்குகிறார், நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். தேவை கூடினால் விலை ஏறும் என்பது புத்தகத்துக்குச் சரி, மனசுக்குச் சரியில்லை. ஆனால் விலையை ஏற்றாவிட்டால் வேறொன்று ஏறும். திருமலையில் தேவஸ்தான அறைகளின் வாடகை மிகக் குறைவு. அங்கே நாம் பணத்தில் கட்டாததை வரிசையில் நின்று கட்டுகிறோம்.

ஷெரில் கைம்ஸும் ஜோகன் விர்ட்ஸும் அமெரிக்கா, சிங்கப்பூர், ஸ்வீடன் வாடிக்கையாளர்களிடம் உணவகங்களைப் பற்றிக் கேட்டு, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். மதியச் சாப்பாடு ஒரு விலை, ராத்திரி ஒரு விலை என்பதை ஜனங்கள் நியாயம் என்று ஏற்றார்கள். நல்ல மேசைக்குத் தனி விலை என்பதை ஏற்க மனம் வரவில்லை. இதைவிட வேடிக்கை இன்னொன்று: வாரக்கடைசியில் கூடுதல் என்று சொன்னால் முகம் சுளித்தவர்கள், வாரநாளில் தள்ளுபடி என்று அதே வித்தியாசத்தைத் திருப்பிச் சொன்னால் அவ்வளவு சுளிக்கவில்லை. ரூபாய் அணா பைசா மாறவில்லை. எதை 'வழக்கமான விலை' என்று மனசில் நட்டுவைக்கிறோம் என்பதுதான் மாறியது.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பலகையில் இருபது ஆணியும் மொட்டையாக இருந்தன. என் சாவிதான் முதலாவது. மேனேஜர் தூக்கக் கலக்கத்தோடு பாக்கியை எண்ணிக் கொடுத்தார். சுவரில், சாமி படத்துக்குக் கீழே, முதல் நாள் நான் கவனிக்காத கண்ணாடிச் சட்டம் போட்ட ரேட் கார்டு. டபுள் ரூம் வாடகை 2,000 என்று அச்சடித்திருந்தது. அட்டை மஞ்சளாகிப் போயிருந்தது. வைத்துப் பல வருடம் இருக்கும்.

"அப்போ போன மாசம் 800 வாங்கினது?"

"அது டிஸ்கவுன்ட் சார்," என்றார்.