தேனீயும் காபி குடிக்கும், தெரியுமா?

விடியற்காலை. செம்பட்டி பஸ் ஸ்டாண்டு. கொட்டாவி விட்டபடி ஒரு காபி வாங்கிக் குடிக்கிறோம். சற்று நேரத்தில் கண் பளிச்! மூளைக்குள் என்ன நடந்தது தெரியுமா? விழித்திருக்கும்போதெல்லாம் அங்கே அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது வந்து அமரும் இருக்கைக்கு ஏற்பி என்று பெயர். அமர்ந்துவிட்டால் தூக்கம் சொக்கும். காபியில் உள்ள காஃபீன் முந்திக்கொண்டு அந்த இருக்கையில் துண்டைப் போட்டுவிடுகிறது! அந்த ஏற்பிகளில் ஏ2ஏ என்ற வகை இல்லாத சுண்டெலிகளுக்குக் காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் கலையவே இல்லை. இது 2005இல் வந்த முடிவு.

இன்னும் இருக்கிறது! மேற்கே தெரிகிற மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபிச் செடி பூக்கிறதே, அந்தப் பூவின் தேனிலேயே காஃபீன் உண்டு. ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பூக்களிலும் உண்டு. கசப்பு தெரியாத அளவுக்குத் துளியூண்டு. செடி எதற்காக இப்படிச் செய்கிறது? ஜெரால்டின் ரைட் என்ற ஆய்வாளரின் குழு 2013இல் கண்டுபிடித்தது. சிறு குழாயில் தலை மட்டும் வெளியே தெரியும்படி தேனீயை நிறுத்தி, ஒரு வாசனையைக் காட்டிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் வாசனை மட்டும்தான். ஞாபகமிருந்த தேனீ சட்டென்று நாக்கை நீட்டியது! காஃபீன் கலந்து குடித்தவற்றில் நாக்கை நீட்டியவை, வெறும் சர்க்கரைத் தண்ணீர் குடித்தவற்றைப்போல் மூன்று மடங்கு. தேனீயின் மூளையிலும் காஃபீன் பிடித்தது அதே அடினோசின் இருக்கையைத்தான்.

இந்த ஞாபகத்துக்கு ஒரு பயங்கர முகமும் உண்டு. எலிக்குத் தினமும் ஒரே அளவு ஆம்ஃபெட்டமைன் என்ற ஊக்க மருந்தை ஊசியாகப் போட்டால், பழகி அடங்கிவிடும் என்றுதானே நினைப்போம்? இல்லை, நாளுக்கு நாள் ஓட்டம் கூடுகிறது! பல வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ஒரே ஒரு ஊசி. அதே வெறி ஓட்டம். ஊசி போட்ட அதே கூண்டில் விட்டால் இன்னும் வேகம். மருந்தோடு இடத்தையும் மூளை மனப்பாடம் செய்துவிடுகிறது. கற்றுக்கொள்ள உதவும் குளுட்டமேட் ஏற்பி ஒன்றை முதலிலேயே அடைத்துவிட்டால் இந்த ஏற்றம் வருவதில்லை!

தேனீயும் அப்படித்தான். காஃபீன் கலந்த சர்க்கரைத் தண்ணீர் தீர்ந்த பிறகும் அந்தக் காலிக் கிண்ணத்தையே தேடித் தேடி வந்ததை 2015இல் பதிவு செய்தார்கள்.

கோடை மழை விழுந்த பத்து நாளுக்குள் மலையில் காபி பூத்துவிடும். தோட்டமே மல்லிகையாய் மணக்கும். செம்பட்டிக்காரர்களே, ஒரு காலை ஏறிப் போய்ப் பாருங்கள். பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும்.