பிளாஷ் விளக்கும் அதன் மின்சக்தியும்

தைப்பூசத்தையொட்டி, இரவில், கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலுள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பத்துமலையை நோக்கி மெல்ல ஊர்ந்து செல்லும்போது அதனோடு கூடவே நடந்து படம் பிடிக்கிறவர்களுக்கும், கம்போங் மேடான், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தத்துக்காகக் காத்து நிற்கும் அவர்களுடைய சகதொழிலாளர்களுக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு: அவசியமான க்ஷணத்தில் பிளாஷ் எரியுமா என்பதே அது. மாங்கல்ய தாரணத்தைப் படக்காரருக்காக மறுபடி நடத்த மாட்டார்கள்.

பிளாஷ் ஏன் காக்க வைக்கிறது என்பதை அறிந்துகொண்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். கேமராவின்மேல் பொருத்தும் சாதாரண பிளாஷில் நான்கு ‘டபுள் ஏ’ பேட்டரிகள் இருக்கின்றன. அவை தரும் 5 அல்லது 6 வோல்ட் அழுத்தத்தை உள்ளேயுள்ள மின்சுற்று 300 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி, கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கியில் சேர்த்து வைக்கிறது. பொத்தானை அமுக்கியதும் அவ்வளவு சக்தியும் செனான் வாயு நிறைந்த கண்ணாடிக் குழாய் வழியே ஒரு வினாடியின் அற்ப பின்னத்தில் பாய்ந்து ஒளியாகிறது. 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் ஹரால்டு எட்ஜர்டன் செம்மைப்படுத்திய இந்த முறைதான் இன்றும் அடிப்படை. ஒளி பாய்ந்து முடிந்ததும் தேக்கி மறுபடி நிரம்ப வேண்டும். நாம் காத்திருப்பது அதற்காகவே.

அந்த நேரத்தை நிர்ணயிப்பது பேட்டரியின் வோல்ட் மட்டுமன்று, அதன் உள்தடையும்தான். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட் தந்தாலும், வாய் குறுகிய குடத்தைப்போல், உள்ளே இருப்பதை விரைவாக வெளியே விடுவதில்லை. மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியோ 1.2 வோல்ட்தான் எனினும், தாராளமாக மின்னோட்டம் தந்து தேக்கியைச் சீக்கிரம் நிரப்பிவிடுகிறது. சும்மா வைத்திருந்தாலே சக்தி கசிந்துபோகும் குறை அதற்கு முன்பு இருந்தது. 2005-இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனலூப் அதைப் பெரும்பாலும் நீக்கிற்று. ஆகவே, ஆல்கலைன் பேட்டரியோடு சிரமப்படுகிற ஒருவர், பிளாஷுக்கு வெளியிலிருந்து மின்சக்தி தரும் பேட்டரிப் பெட்டியை (வெளிப் பெட்டி) வாங்குவதற்கு முன், இந்த மாற்றத்தைச் செய்து பார்ப்பதே விவேகம்.

வெளிப் பெட்டிகளில் பிரதானமான வகை, உயர் அழுத்த மின்சாரத்தைத் தனித் துளை ஒன்றின் வழியே நேராகத் தேக்கிக்கே அனுப்புவது. கேனனின் சிபி-இ4, நிக்கானின் எஸ்டி-9 ஆகியவை எட்டு டபுள் ஏ பேட்டரிகளைக் கொண்டு இந்தப் பணியைச் செய்பவை; கோடாக்ஸ் பிபி960 லித்தியம் பேட்டரியால் இயங்குவது. துளையின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதால், தம்முடைய பிளாஷுக்குரிய கேபிள் எது என்று விசாரிக்காமல் வாங்கக்கூடாது; சிறிய மாதிரிகள் பலவற்றில் அந்தத் துளையே இராது. பெட்டி இருந்தாலும், கேனன் போன்றவற்றில், உள்ளே நான்கு பேட்டரிகளும் இருந்தாக வேண்டும். கைப்பேசிக்கான பவர் பேங்க் இதற்குப் பயன்படாது: திடீரென்று பிளாஷ் கேட்கும் பல ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்காமல் அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும்.

பெட்டியைத் தாமே செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, அழுத்தத்தை மாற்றாமல் கொள்ளளவை மட்டும் பெருக்குங்கள் என்பதே. நான்கு பெரிய ‘டி’ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளை வரிசையாகக் கோத்தால், அதே 4.8 வோல்ட்டில், டபுள் ஏயைப்போல் பல மடங்கு நேரம் உழைக்கும். அதிலிருந்து வரும் கம்பியை, பேட்டரி வடிவில் செதுக்கிய மரத்துண்டுகளின் முனைகளில் பொருத்திப் பிளாஷின் பேட்டரி அறையோடு இணைக்கலாம். கம்பி மெல்லியதாயிருந்தால் எல்லாம் வீண்: 8 ஆம்பியர் ஓடுகையில் ஓர் ஓமின் பத்தில் ஒரு பங்குத் தடையே 0.8 வோல்ட்டை விழுங்கிவிடும். வீட்டு மின்சாரத்துக்கு உபயோகிக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர்த் தாமிரக் கம்பி பொருத்தமானது. பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஒரு பியூஸ் அவசியம். குறுக்கிணைப்பு நேர்ந்தால் அந்தப் பேட்டரிகள் கம்பியைச் சிவக்கக் காய்ச்சித் தீ மூட்ட வல்லவை. பாதுகாப்புச் சுற்றில்லாத லித்தியம் பேட்டரிகளை இதற்குத் தொடவே வேண்டாம்.

உயர் அழுத்தப் பெட்டியை வீட்டில் செய்ய முயல்வதும், பிளாஷைத் திறந்து பார்ப்பதும் உயிராபத்தான காரியங்கள். பேட்டரியைக் கழற்றி வெகுநேரமான பின்னும் தேக்கியில் மனிதனைக் கொல்லத்தக்க மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

பெட்டி கிடைத்துவிட்டது என்று இடைவிடாமல் முழு ஒளியில் சுடுவதும் தவறு. முன்பு மெதுவாக நிரம்பிய காலத்தில் குழாய்க்குத் தானாகக் கிடைத்த ஓய்வு இப்போது போய்விடுகிறது. நம் நாட்டு வெக்கையில் சூடு சீக்கிரம் ஏறி, முகப்புப் பிளாஸ்டிக் உருகுவதும் உண்டு. இருபது முழு ஒளிக்குப் பின் பத்து நிமிஷமாவது ஆறவிட வேண்டும்.

புதிதாகத் தொழில் தொடங்குகிற இளைஞருக்கோ வெளிப் பெட்டியே தேவையில்லாமற் போகலாம். கோடாக்ஸ் வி860 இரண்டாம் மாதிரி போன்ற பிளாஷ்களில் 11.1 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி உள்ளேயே அமைந்திருக்கிறது. முழு ஒளியிலும் சுமார் ஒன்றரை வினாடியில் நிரம்பும் என்றும், 650 முறை எரியும் என்றும் தயாரிப்பாளர் கூறுகின்றனர். அத்தகைய ஒன்றும், கூடுதலாக ஒரு பேட்டரியும் பையில் இருந்தால் ஒரு கல்யாணத்துக்குப் போதும். தோளில் தொங்கும் பெட்டியை, விடிய விடிய ரதத்தின் பின்னே நடக்கிறவர்கள் வாங்கட்டும்.