இழுவை போன அம்பாசிடர்

மேட்டுப்பாளையத்தில் உற்சாகமாகக் கிளம்பும் பழைய அம்பாசிடர், கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் திணறும். குன்னூரை நெருங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மேலே வர மறுக்கும். "கார்புரேட்டர் அடைச்சிருக்கு" என்பார் ஓட்டுபவர். அடைத்திருக்கலாம். ஆனால் ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத என்ஜின், தானாக உறிஞ்சும் காற்றை நம்பி ஓடுவது. சமவெளியில் 50 குதிரைத்திறன் தந்த என்ஜின் ஊட்டியில் 40 தந்தாலே பெரிது. காற்று குறைந்தும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாததால், புகை கொஞ்சம் கறுக்கவும் செய்யும். இதில் எதுவும் கோளாறு இல்லை. மலையில் எழுந்த புகாரைச் சமவெளியில் ஒருமுறை சரிபார்க்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது.

1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாராகத் தொடங்கி, 2014-இல் நின்றுபோன வண்டி அம்பாசிடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. அதன் 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் சென்சாரும் இல்லை, கணினியும் இல்லை. என்ன கோளாறு என்று எந்த விளக்கும் எரிந்து சொல்லாது. ஆனால் சக்தி உருவாகும் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணாலும் காதாலும் கையாலும் தொட்டுப் பார்த்துவிட முடியும் என்பதால், இழுவைக் குறைவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல என்ஜின் கிடைப்பது அரிது.

முதலில், குறை என்ஜினில்தானா? ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திவிட்டு நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு டிரம் மட்டும் அனல் வீசினால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. கியரை ஏற்றி மிதிக்கும்போது என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்னொன்று, பலர் சிரித்துவிட்டு விட்டுவிடுவது: ஒருவர் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து கார்புரேட்டரின் த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா என்று பார்ப்பது. தேய்ந்த இணைப்புக் கம்பியோ, மிதிக்கு அடியில் சுருண்ட தரை விரிப்போ என்ஜினின் பலத்தில் கால்வாசியைத் தின்றுவிடும். இதைப் பார்க்காமல் என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

அடுத்து கேட்க வேண்டியது எவ்வளவு குறைந்தது என்பதல்ல, எப்போது குறைகிறது என்பது. கிளம்பியதிலிருந்தே மந்தமா, சூடான பிறகா, ஏற்றத்திலா, திடீரென்று மிதிக்கும்போது மட்டுமா? நல்ல மெக்கானிக் வண்டியைத் தொடுவதற்கு முன் இதைத்தான் துருவித் துருவிக் கேட்பார்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடி, தொடர்ந்து மிதிக்கும்போது மெல்ல மெல்லத் தளர்ந்து, ஓரங்கட்டிச் சிறிது நேரம் நிறுத்தியதும் மறுபடி ஓடுகிறதென்றால் பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை. டேங்க் துரு, அடைத்த பில்டர், பம்பின் பழுதான டயாபிரம் எல்லாமே இதைச் செய்யும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே கதைதான். ஒரே ஓட்டை போட்ட எண்ணெய் டின்னில் எண்ணெய் இறங்காமல் தயங்குமே, அதுபோல உள்ளே காற்று புக வழியில்லாத டேங்கிலிருந்து பம்ப் எவ்வளவுதான் இழுக்கும்? வண்டி தளர்ந்த அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். பிறகு வண்டி ஓடும். சித்திரை வெயிலில் பம்பிலேயே பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டுவதும் உண்டு. அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது அதற்காகத்தான்.

பெட்ரோல் தட்டுப்பாடு இப்படி மெதுவாகக் கழுத்தை நெரிக்கும். தீப்பொறிக் கோளாறோ வெட்டி வெட்டி இழுக்கும். கார்புரேட்டர் மேல் சுமத்தப்படும் பழிகளில் பெரும்பங்கு உண்மையில் தீப்பொறிக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே, மின்னோட்டத்தைத் துண்டித்துத் தீப்பொறியை எழுப்பும் சி.பி. பாயிண்ட் தெரியும். சுழலும் தண்டின் முனைகளில் உரசி உரசி, அதன் சிறிய குதிகால் தேயும். தேயத் தேய பாயிண்ட்டின் இடைவெளி சுருங்கும். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி பாதியாகும்போது, தீப்பொறி உரிய கணத்துக்குப் பின்னால் தள்ளிப்போகிறது. பிஸ்டன் கீழிறங்கத் தொடங்கிய பிறகு வெடிக்கும் கலவை, அதைத் தள்ளுவதற்குப் பதில் சைலன்சரைச் சூடாக்குகிறது. இழுவை போகும், மைலேஜ் போகும், ரேடியேட்டர் கொதிக்கும். நாளுக்கு நாள் அணு அணுவாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியாது. நீண்ட நாள் கழித்து வண்டியை வாங்கி ஓட்டும் மைத்துனருக்குத்தான் தெரியும்.

வேகம் கூடக் கூடத் தீப்பொறி முன்கூட்டியே வர வேண்டும். அதற்கென டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைகளும், வெளியே ஒரு வேக்குவம் டப்பியும் உண்டு. டப்பியைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினால், பாயிண்ட் பொருத்திய தட்டு லேசாகத் திரும்ப வேண்டும். நாக்கால் குழாயை மூடினால் திரும்பியபடியே நிற்க வேண்டும். நிற்காமல் திரும்பி வந்தால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது.

என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பது இன்னொரு பழைய முறை. இன்சுலேஷன் போட்ட பிளையர் அவசியம். மின்னணு பற்றவைப்பு உள்ள புதிய வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் என்ஜின் தடுமாறும். எந்த வயரைக் கழற்றும்போது எந்த மாற்றமும் இல்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யாமல் சும்மா இருக்கிறது. அதன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், வெளிறிய பழுப்பு நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் கைடு தேய்மானம். சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் பற்றாமல் அதிகச் சூடு.

இதற்குப் பிறகும் விடை கிடைக்காவிட்டால் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும். என்ஜின் சூடாக இருக்க, நான்கு பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, பிளக் துளையில் கேஜைப் பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றுவார்கள். முள் துள்ளித் துள்ளி ஏறும். எண் என்ன என்பதைவிட நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே கசிவு. அந்தத் துளையில் ஒரு கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் தற்காலிகமாக இடுக்கை அடைத்ததால் ஏறியது. ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் ஒன்றுபோல் குறைந்திருந்தால், இடையில் ஹெட் கேஸ்கெட் வெந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம்.

வால்வ் என்றால் பலரும் டேப்பட் சத்தத்துக்குத்தான் பயப்படுவார்கள். சத்தமே இல்லாத டேப்பட்டுக்கு அதைவிட அதிகம் பயப்பட வேண்டும். இந்த என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வடிவமைக்கப்பட்டவை. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈய பெட்ரோல் நாடு முழுவதும் நின்றது. மக்களின் உடல்நலத்துக்கு நல்லதுதான். ஆனால் சாதாரண வார்ப்பிரும்பில் குடைந்த எக்ஸாஸ்ட் வால்வ் இருக்கைகளுக்கு ஈயமே மெத்தையாக இருந்தது. அது போனதும், அதிவேகத்தில் நீண்ட தூரம் ஓடும் வண்டிகளில் இருக்கை மெல்லத் தேய்ந்து வால்வ் உள்ளே அமிழும். டேப்பட் இடைவெளி சுருங்கும், சத்தம் குறையும், ஒரு நாள் வால்வ் முழுக்க மூடாமல் கருகும். கடினமான உலோக வளையத்தை இருக்கையாகப் பொருத்துவதே இதற்கு நிரந்தர வழி.

சைலன்சரையும் மறக்க வேண்டாம். உள்தகடு கழன்று வழியை அடைத்தால் வெளியே எதுவும் தெரியாது. இன்டேக்கில் வேக்குவம் கேஜை மாட்டி, என்ஜினை 2,500 சுற்றில் பிடித்திருக்கும்போது முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் புகைக்குப் போக்கிடம் இல்லை என்று பொருள்.

கடைசியாகத்தான் கார்புரேட்டர். அம்பாசிடரின் எஸ்.யு. வகைக் கார்புரேட்டர் ஓர் அழகான கருவி. காற்றின் ஓட்டத்துக்கேற்ப ஒரு பிஸ்டன் தானே உயர்ந்து தாழ, அதோடு சேர்ந்த கூம்பு ஊசி ஜெட்டின் வாயைக் கூட்டிக் குறைக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை உருவாக்கிய ஸ்கின்னர் குடும்பத்தினர் காலணி வியாபாரிகள். அதனாலோ என்னவோ, முதல் கார்புரேட்டர்களில் பிஸ்டனை உயர்த்தியது தோல் துருத்தி! ஏர் பில்டரைக் கழற்றி விரலால் பிஸ்டனைத் தூக்கி விட்டால் 'டக்' என்று விழ வேண்டும். சிக்கினால் பெட்ரோலில் கழுவலாம். உப்புத்தாள் கூடவே கூடாது. திடீர் மிதிப்பில் மட்டும் திணறினால் மேல்மூடியைத் திறந்து டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது பங்க்கில் நிரப்புவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர், சுத்த பெட்ரோலைவிட அதில் ஏறக்குறைய 7 சதவீதம் ஆற்றல் குறைவு. பழைய ஜெட் அமைப்பில் கலவை மெலிந்துபோகும். அதோடு எத்தனால் பழைய ரப்பர் டயாபிரம்களையும் குழாய்களையும் பதம்பார்க்கும். டேங்கில் தேங்கிய துருவையும் கசடையும் கிளப்பி பில்டரில் கொண்டுவந்து சேர்க்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் பாகங்களுக்கு மாறி, ஜெட்டைச் சற்றே இறக்கிக் கலவையைச் செறிவாக்கினால் போன இழுவையில் ஒரு பகுதி திரும்பும்.

எந்த வேலை செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். போக்குவரத்து இல்லாத ஒரே சமதளச் சாலை, ஒரே கியர், ஒரே எண்ணிக்கையில் ஆட்கள். டாப் கியரில் 40-லிருந்து 60 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை நொடி என்று பக்கத்தில் இருப்பவர் கைபேசியில் பார்க்கட்டும். காற்றும் கண்ணுக்குத் தெரியாத சரிவும் ஏமாற்றக்கூடும் என்பதால், திரும்பி வரும் திசையிலும் ஒருமுறை அளந்து சராசரி எடுத்துக்கொள்ளுங்கள்.