கடைவாய்ப் பல்லில் எத்தனை பவுன்?

2025 அக்டோபரில் தங்கம் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியதிலிருந்து பழைய பல் கேப்புகளுக்கும் மவுசு வந்துவிட்டது. வாய்க்குள் புதையல் இருப்பதாக முழங்கும் காணொளிகளைப் பார்த்து அலமாரியைத் துழாவுகிறவர்கள், முதலில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முழுக்கத் தங்கக் கலவையில் வார்த்த கடைவாய் கேப் இரண்டு மூன்று கிராம் தேறும். மூன்று கிராமில் 60 விழுக்காடு தங்கம் என்றால் 1.8 கிராம். கால் பவுன்கூட இல்லை. அவுன்ஸ் 4,000 டாலர் விலைக்கு அது சுமார் 230 டாலர்.

அதுவும் கேப் உண்மையிலேயே தங்கமாக இருந்தால்தான். நம் ஊரில் போடும் மெட்டல்-செராமிக் கேப்புகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது நிக்கல்-குரோமியமோ கோபால்ட்-குரோமியமோதான். விற்கப்போனால் பேருந்துக் கட்டணம்கூடத் தேறாது. நிறத்தையும் நம்ப முடியாது. டைட்டானியம் நைட்ரைடு பூச்சு அசல் தங்கம் போலவே மின்னும். மறுபக்கம், பத்து விழுக்காடு பல்லேடியம் கலந்தாலே தங்கம் வெளுத்துவிடும் என்பதால், வெள்ளை வெளேரென்ற கேப்பில் பாதிக்கு மேல் தங்கம் இருக்கக்கூடும்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, தங்கமும் பிளாட்டினம், பல்லேடியம் வகையறாவும் சேர்ந்து எடையில் 60 விழுக்காடு, அதில் தங்கம் மட்டும் 40 இருந்தால் அது உயர்ந்த ரகம். மிச்சம் பெரும்பாலும் வெள்ளியும் செம்பும். கொலுசு கறுக்கிறது, செம்புக் குடம் பச்சை பூக்கிறது. புளியும் உப்பும் ஓயாத வாய்க்குள் இவை மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

இந்த இடம்தான் ருசியானது. விடை தேடிய ஜெர்மன் வேதியியலர் குஸ்தாவ் தம்மான், எடையை விட்டுவிட்டு அணுக்களை எண்ணச் சொன்னார். நூறு அணுக்களில் ஏறத்தாழ ஐம்பது தங்கமாக இருந்துவிட்டால், நைட்ரிக் அமிலத்தாலும் கலவைக்குள் புக முடியாது. ஒரு கல்யாண வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: பெரியவர்கள் தங்கம், இளவட்டங்கள் வெள்ளியும் செம்பும். திண்ணையில் பெரியவர்கள், உள்ளே இளவட்டங்கள், தெருவில் நின்று சினிமாவுக்குக் கூப்பிடும் சிநேகிதன். அவன்தான் அமிலம். வாசலோரம் நிற்கும் இரண்டொரு பையன்கள் நழுவிவிடுவார்கள். உடனே பெரியவர்கள் நாற்காலியை நகர்த்திப் போட்டு வழியை அடைத்துவிடுவார்கள். (தங்க அணுக்கள் நிஜமாகவே மேற்பரப்பில் அப்படி நகர்கின்றன.) பெரியவர்கள் குறைவாக இருந்தால், வாசலிலிருந்து கொல்லைவரை பையன்கள் வரிசையாக நிற்பார்கள், ஒருவன் போக, பின்னால் அடுத்தவன் போக, பாயசம் பந்திக்கு வருமுன் வீடு காலி.

பழைய கேப்பிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் சுத்திகரிப்பவர் செய்வது இதைவிட வேடிக்கை. பையன்களைக் கிளப்ப, இன்னும் நிறையப் பையன்களை உள்ளே அனுப்புகிறார்! ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி வருமாறு சேர்த்து உருக்கி, தகடாக்கி, சூடான நைட்ரிக் அமிலத்தில் போடுகிறார். வெள்ளியும் செம்பும் கரைந்தோட, தங்கம் மினுக்கமே இல்லாத பழுப்புப் பொடியாக அடியில் தங்கும். உருக்கிய பிறகுதான் அதற்கு மஞ்சள் வரும். பல்லேடியமும் அமிலத்தோடு போய்விடுவதால், அதை மீட்கத் தெரியாத பட்டறை அந்தக் காசைச் சாக்கடையில் ஊற்றுகிறது. இதை வீட்டு அடுப்படியில் செய்து காட்டும் காணொளிகள், கிளம்பும் பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு நுரையீரலை என்ன செய்யும் என்று சொல்வதில்லை.

 

ஜப்பானின் கதை வேறு: தங்கம் குறைந்தாலும் கேப் தாக்குப்பிடிக்கிறது. அங்கே அரசுக் காப்பீட்டில் போடப்படும் ‘கின்பாரா’ கலவையில் தங்கம் 12 விழுக்காடு, பல்லேடியம் 20, வெள்ளி ஏறத்தாழ பாதி, மீதி பெரும்பாலும் செம்பு. தங்கமும் பல்லேடியமும் சேர்ந்தே நூறு அணுக்களில் கால்வாசிதான். தம்மான் கணக்கில் இது தேறாது. வெள்ளி கறுக்காமல் காப்பது பல்லேடியத்தின் வேலை. உக்ரைன் போர் தொடங்கி, 2022 மார்ச்சில் பல்லேடியம் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியபோது, அரசு நிர்ணயித்த தொகை சந்தை விலையை எட்டிப்பிடிக்க முடியாமல், கேப் போட்ட மருத்துவர்களுக்குக் கைநஷ்டம்.

விற்க நினைப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நகைக்கடையின் எக்ஸ்ரே கருவி உலோகத்தின் மேல்தோலை மட்டுமே பார்க்கும். சரியான மதிப்பு தெரிய, பீங்கானையும் சிமென்ட்டையும் நீக்கி, உருக்கி, மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒற்றைக் கேப்புக்கு அந்தக் கூலி கட்டாது. டப்பா நிறையச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் பல் மருத்துவர்களுக்குத்தான் கட்டும். கேப்பைக் கழற்றும் அன்றே, அதைத் திருப்பித் தருவார்களா, லேப் சீட்டில் எந்தக் கலவை எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.