ரேழியில் தொங்கும் சாவி

ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் பழைய வீடுகளுக்குக் கார் ஷெட் கிடையாது. திண்ணை, படி, உடனே தெரு. கார் திண்ணையை ஒட்டித்தான் நிற்கும். உள்ளே நுழைந்தால் ரேழி, சுவரில் ஓர் ஆணி, அதில் கார் சாவி. காருக்கும் சாவிக்கும் நடுவில் ஒரு சுவரும் பத்தடி தூரமும்தான். கீழ உத்திர வீதியில் என் அத்திம்பேர் வீட்டிலும் இதே ஏற்பாடு. போன மார்கழியில் அவர் பட்டன் ஸ்டார்ட் கார் வாங்கியதிலிருந்து அந்தப் பத்தடி என்னை உறுத்துகிறது.

ஏன் என்று சொல்லப் பழைய பூட்டிலிருந்து தொடங்கவேண்டும். இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திண்டுக்கல்லில் கையால் செய்யும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டின் வயிற்றுக்குள் நெம்புத் தகடுகள் அடுக்கியிருக்கும். சாவியின் வெட்டு அத்தனை தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். அதிலேயே மணிப்பூட்டு என்று ஒரு வகை உண்டு. சாவியைத் திருப்பினாலே மணி அடித்து வீட்டை எழுப்பிவிடும். கார் அலாரத்தின் பாட்டன் அது.

இரும்புச் சாவியின் ரகசியம் அதன் வடிவம். ரிமோட் சாவிக்கு வடிவம் பொருட்டில்லை, அது பேசுகிறது. 1939இல் தொடங்கிய நம் திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்பியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த ஊரில் ஏராளம். உங்கள் பையிலிருக்கும் சாவியும் ஒரு குட்டி வானொலி நிலையம்தான், பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில். வானொலியை யாரும் கேட்கலாம், பதிவும் செய்யலாம். அப்படியானால் ‘திற’ என்று சாவி சொன்னதைப் பதிந்து வைத்து, ராத்திரி திரும்ப ஒலிக்கவிட்டால்?

அதைத் தடுக்கத்தான் மாறும் குறியீடு வந்தது. இரண்டே பேருக்குத் தெரிந்த ஒரு நாமாவளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சாவி அடுத்த நாமத்தைச் சொல்லும். ஒருமுறை சொன்னதைக் கார் மறுபடி ஏற்காது. பேரன் விளையாட்டாகப் பத்துத் தடவை அழுத்திவிட்டால் சாவி பத்து நாமம் முன்னே போய்விடும். கார் சற்று முன்னே தேடிப் பிடித்துக்கொள்ளும். 1995இல் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கிய ‘கீலாக்’ இந்த வகையில் மிகவும் பரவியது. 2008இல் ஜெர்மனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில்லு கணக்குப் போடும்போது இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதன் ரகசியத்தை வெளியே எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கதவு திறந்தால் கார் போய்விடாது. உண்மையான பூட்டு எஞ்சினில் இருக்கிறது. இம்மொபிலைசர் என்பார்கள். சாவியின் தலைக்குள் பேட்டரியே தேவைப்படாத ஒரு சில்லு. காரிலுள்ள கம்பிச்சுருளின் காந்தப்புலமே அதற்கு உயிர் கொடுக்கும். கார் ஒரு எண்ணைச் சொல்லும், சில்லு கணக்குப் போட்டு விடை சொல்லும், விடை தப்பினால் எஞ்சின் ஓடாது. சாலையோரத்தில் வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறந்துவிட்டு, எஞ்சினிடம் தோற்றுப்போவது இதனால்தான். 1998 முதல் ஐரோப்பாவில் புதுக் கார்களுக்கு இது கட்டாயம். நெதர்லாந்தில் இதனால் கார் திருட்டு சராசரியாகச் சுமார் 40 விழுக்காடு குறைந்ததாகப் பொருளியல் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மாறாக, அமெரிக்காவில் இது இல்லாமல் விற்கப்பட்ட கியா, ஹூண்டாய் கார்களைச் சிறுவர்கள்கூட யுஎஸ்பி முனையைக் கொண்டு ஓட்டிச் சென்றார்கள். சின்னச் சில்லுதானே என்று மிச்சம் பிடித்ததற்கு ஊர் ஊராக மக்கள் விலை கொடுத்தார்கள்.

இனி ரேழிக்கு வருவோம். பட்டன் ஸ்டார்ட் காரில் கதவைத் திறக்க நீங்கள் சாவியில் எதையும் அழுத்துவதில்லை. கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில் ‘அருகில் இருக்கிறாயா?’ என்று மெல்லக் கேட்கிறது. அந்தக் காந்தக் குரல் தூரத்தின் கனத்துக்கு ஏற்பத் தேய்வதால் ஓரிரு மீட்டருக்குமேல் எட்டாது. சாவிக்குக் கேட்டுவிட்டாலே அது பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பிவிடுகிறது. தூரத்தை அளப்பதே இல்லை. இந்த நம்பிக்கைதான் ஓட்டை. ஒருவன் கார் அருகில், இன்னொருவன் வாசற்கதவருகில், இருவர் கையிலும் அந்தக் குரலை வாங்கிக் கடத்தும் கருவி. எந்தக் குறியீட்டையும் உடைக்க வேண்டியதில்லை. 2011இல் சூரிச்சின் ஈடிஹெச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல் கார்களில் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன.

சில புதிய கார்கள் விடை வந்து சேரும் நேரத்தை அளக்கின்றன. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர்தான் போகும். இடையில் ஆள் நின்று குரலைக் கடத்தினால் தாமதம் காட்டிக்கொடுக்கும். பழைய கார்க்காரர்களுக்கு இரும்பே துணை. தனியாக மாட்டும் ஸ்டீயரிங் லாக், கியர் லாக் இரண்டையும் எந்த அலைவரிசையாலும் ஏமாற்ற முடியாது. அலாரத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. தீபாவளி வெடிக்கே தெரு முழுக்கக் கார்கள் அலறும்போது யார் எழுந்து பார்க்கிறார்கள்? வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காரை நிறுத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பட்டனை அழுத்திக்கொண்டே நடந்துவிடாதீர்கள். பக்கத்தில் அதே அலைவரிசையில் இரைச்சல் இருந்தால் பூட்டும் கட்டளை காரை எட்டாது. இண்டிகேட்டர் மின்னியதா என்று பாருங்கள், கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பாருங்கள்.

காரின் குரல் சாவிக்குக் கேட்காமல் செய்ய முடியுமா என்று அத்திம்பேர் வீட்டில் சமையலறை டப்பாக்களை எடுத்துவந்து சோதித்தோம். சாவியை உள்ளே போட்டு மூடி, கார் பக்கத்தில் நின்று கைப்பிடியைத் தொடவேண்டும். மூடி லொடலொடத்த பருப்பு டப்பாவோடு கார் உடனே திறந்துகொண்டது. “அடேடே, இதுக்கும் கேக்கறதே!” என்றார். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் காப்பிப்பொடி டப்பாவில் நாலு தரம் முயன்றும் திறக்கவில்லை. அக்கா காப்பிப்பொடியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டாள். சாவி இப்போது கூடத்தைத் தாண்டி உள் அலமாரியில், அந்த டப்பாவுக்குள். ரேழி ஆணியில் குடை தொங்குகிறது.