மல்டிமீட்டர் அளப்பது மின்னழுத்தத்தையா, நேரத்தையா?

கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டும் காற்றாடி முதல் இலையை உருட்டும் இயந்திரம் வரை எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்று நின்றுவிட்டால் வயர்மேன் முதலில் எடுப்பது மல்டிமீட்டரைத்தான். திரையில் சுழியம் தெரிந்தால், அதை நம்பித்தான் அவர் கம்பியில் கை வைக்கிறார். அந்த எண் எப்படி வருகிறது?

மாணவர்களே, மலிவான மீட்டரைத் திறந்தால் கறுப்புப் பசைத் துளி ஒன்று தெரியும். அதன் அடியில் இருப்பது பெரும்பாலும் 7106 வகைச் சில்லு. அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: 0.2 வோல்ட்டுக்கும் குறைவான நேர்மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது. மற்றதெல்லாம் இந்தச் சிறு அழுத்தமாக மாறித்தான் அதனிடம் போக வேண்டும்.

பெரிய மின்னழுத்தம் (பள்ளியில் நீங்கள் 'வோல்தான்' என்று படிப்பது) மின்தடை வரிசை வழியாகப் பத்தில் ஒரு பங்காகவோ நூறில் ஒரு பங்காகவோ குறைக்கப்படுகிறது. மின்னோட்டத்தை அளக்க, அதை மிகக் குறைந்த தடையுள்ள தடித்த கம்பி வழியே விட்டு, அங்கு ஏற்படும் சிறு அழுத்தத்தைப் பார்க்கிறது. மின்தடைக்கு மீட்டரே தன் பேட்டரியிலிருந்து மின்னோட்டம் அனுப்புகிறது. மாறுமின்னோட்டம் என்றால் முதலில் டயோடு அதை ஒருதிசையாக்கும்.

இனிதான் அழகான பகுதி. ஒரு குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று தெரியவில்லை. சரியாக ஒரு நிமிடம் அதைத் தொட்டியில் விடுங்கள். பிறகு, வேகம் தெரிந்த வேறொரு குழாய் வழியே தொட்டியைக் காலி செய்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 2 நிமிடம் ஆனால், முதல் குழாயின் வேகம் இரண்டாவதைப்போல் 2 மடங்கு. தொட்டி பெரியதா சிறியதா என்பதே முக்கியமில்லை.

மீட்டரில் தொட்டி என்பது மின்தேக்கி. அளக்க வேண்டிய அழுத்தம் அதை 1000 கடிகாரத் துடிப்புகள் வரை நிரப்புகிறது. பிறகு, சில்லுக்கு ஏற்கெனவே தெரிந்த 100 மில்லிவோல்ட் ஒப்பீட்டு அழுத்தம் அதைக் காலி செய்கிறது. அதற்கு ஆகும் துடிப்புகளின் எண்ணிக்கைதான் திரையில் தெரிகிறது. 9 வோல்ட் பேட்டரியை 20 வோல்ட் வீச்சில் வைத்தால், நூறில் ஒரு பங்கு 90 மில்லிவோல்ட், எண்ணிக்கை 900, புள்ளி வைத்தால் 9.00. ஆக, மீட்டர் உண்மையில் நேரத்தை எண்ணுகிறது. மின்தேக்கியும் கடிகாரமும் சற்றுப் பிசகினாலும் கவலையில்லை. நிரப்புவதும் காலி செய்வதும் அவைதாம், பிழை இரு பக்கமும் ஒன்றாகிக் கழிந்துவிடும்.

இன்னொரு நன்மையும் உண்டு. ரிங்லெட் அணையின் நீரால் கிடைக்கும் மின்சாரம் உட்பட நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நிரப்பும் நேரம் 100 மில்லிவினாடி என்றால் அதற்குள் சரியாக 5 அலைகள் அடங்கும். அருகிலுள்ள கம்பிகளிலிருந்து வரும் இரைச்சலின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துவிடும்.

ஆனால் ஒப்பீட்டு அழுத்தம் பிசகினால் தப்ப வழியில்லை. மீட்டரின் பேட்டரி மிகவும் தளர்ந்தால் அந்த 100 மில்லிவோல்ட்டும் இறங்கும், காலி செய்ய அதிக நேரமாகும், எண் கூடிவிடும். திரையில் பேட்டரி அடையாளம் தெரிந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

துண்டித்த கம்பியிலும் சில சமயம் பத்து, இருபது வோல்ட்டுக்கு மேல் காட்டும். பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் தாக்கம் அது. மீட்டரின் உட்தடை பல மெகாஓம் என்பதால் இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது. அந்த அற்ப அழுத்தம்கூடச் சரியாமல் நின்றுவிடுகிறது. சுழியமும் பொய் சொல்லலாம்: மீட்டரின் கம்பி உள்ளே அறுந்திருந்தால் உயிருள்ள இணைப்பும் சுழியமாகவே தெரியும். அதனால்தான் தேர்ந்த வயர்மேன் முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான இடத்தில் மீட்டரைச் சோதிப்பார். பிறகு துண்டித்த இணைப்பில். மறுபடியும் முதல் இடத்தில்.

சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையில் விட்டபடி 230 வோல்ட் சுவர் இணைப்பைத் தொடுவது பேராபத்து. அங்கே இருப்பது அந்தத் தடித்த கம்பி மட்டுமே. அது நேரடிக் குறுக்குச்சுற்று. மலிவான பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸ்கூட இல்லை. சுவர் மின்சாரத்தைத் தகுதி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இது. கைவிளக்கின் 1.5 வோல்ட் மின்கலம் ஒன்றை 20 வோல்ட் வீச்சில் அளந்து, பிறகு 2 வோல்ட் வீச்சில் அளங்கள். இரண்டாவதில் ஓர் இலக்கம் கூடுதலாகத் தெரியும். ஒவ்வொரு முறையும் சில்லு எத்தனை துடிப்புகள் எண்ணியது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.