பத்துமலைப் படியும் முட்டிக் குருத்தெலும்பும்

பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும். முட்டி தன் பாட்டைப் பாடுவது இறங்கும்போதுதான். படிகளில் முட்டியில் விழும் சுமை உடல் எடையைப் போல் சுமார் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ள பக்தருக்கு 180 கிலோ. பால்குடமோ காவடியோ தூக்கினால் இன்னும் கூடும். அத்தனையையும் வாங்கிக்கொள்வது சில மில்லிமீட்டரே தடிமன் உள்ள குருத்தெலும்பு.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஆட்டுக்கறி வாங்கும்போது தொடை எலும்பின் நுனியைக் கவனியுங்கள். நீலம் பூத்த வெள்ளையில், விரல் வைத்தால் வழுக்கும் மூடி ஒன்று இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. அதற்கு அடியில், கத்தி வெட்டிய இடத்தில், ரத்தம் கசியும் துளை துளையான எலும்பு. மேலே உள்ள மூடியில் ரத்தக் குழாயே கிடையாது. எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

எலும்பின் கடினம் கால்சியம் பாஸ்பேட்டால் வருவது. அதன் நெகிழ்வு கொலாஜன் என்ற புரதத்தால். கோழி எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டால் கால்சியம் கரைந்து, மிஞ்சிய கொலாஜன் கையில் வளையும். எலும்பு ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒரு வகைச் செல்கள் பழையதை அரிக்க, இன்னொரு வகை புதிதாகக் கட்டுகிறது. முறிந்தாலும் கூடிவிடுவது அதனால்தான்.

குருத்தெலும்புக்கு அந்த வசதி இல்லை. அதன் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். மிதிக்கும்போது நீர் பிதுங்கி வெளியேறும்; காலை எடுத்ததும் மூட்டுத் திரவத்தை உள்ளே இழுக்கும். சத்தும் அந்தத் திரவத்தோடுதான் வந்து சேரும். அசைவுதான் அதற்குச் சாப்பாடு. "நடக்காதீங்கம்மா, முட்டி தேஞ்சிடும்" என்று பெரியவர்களை நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறோமே, அது எனக்குப் பெரிய வருத்தம். அளவாக நடப்பதும் தொடைத் தசையை வலுவாக்குவதும் எடையைக் குறைப்பதும்தான் முட்டிக்கு நல்லது.

குருத்தெலும்பில் நரம்பும் இல்லை. அதனால் தேய்மானம் சத்தமில்லாமல் தொடங்குகிறது. வலி தெரியும்போது பெரும்பாலும் அடியிலுள்ள எலும்பும் மூட்டுச் சவ்வும் பாதிக்கப்பட்டிருக்கும்.

தேய்ந்ததை மீண்டும் வளர்க்க முடியுமா? கோலாலம்பூரில் டாக்டர் சா கே யோங் குழுவினர் முயன்று, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். பழுதான இடத்துக்கு அடியிலுள்ள எலும்பில் துளையிட்டார்கள். பிறகு நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்த ஸ்டெம் செல்களை, மூட்டுத் திரவத்தில் இயல்பாகவே உள்ள ஹையலூரானிக் அமிலத்தோடு மூட்டுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அமிலம் மட்டும் பெற்ற இன்னொரு பிரிவினரைவிட இவர்களுக்குப் புதிய திசு தரமாக வளர்ந்திருந்தது. ஆனால் முட்டி எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்ற மதிப்பெண்ணில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.